மீன் தொட்டிக்குச் சீனியும் ஈஸ்டும்: குமிழி நின்றால் எங்கே பார்ப்பது, மீன் திணறினால் என்ன செய்வது?

காலையில் அரைத்து வைத்த தோசை மாவு மாலைக்குள் பொங்கி வழிவது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளுக்கும் கிள்ளான் வரிசை வீடுகளுக்கும் புதிதல்ல. மாவைப் பொங்க வைக்கும் அதே வெப்பம்தான், நீர்ச்செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் சீனியும் ஈஸ்டும் கலந்து வீட்டிலேயே செய்துகொள்ளும் கரிவளிப் போத்தலையும் ஆட்டிப் படைக்கிறது.

இந்தப் போத்தலைப் பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் இரண்டு தொல்லைகள்தான் வருகின்றன. ஒன்று, நான்கு நாளில் குமிழி நின்றுவிடுகிறது. மற்றொன்று, காலையில் விளக்கைப் போட்டால் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. முதலாவது செடிக்கு நட்டம். இரண்டாவது மீனின் உயிருக்கே ஆபத்து.

குமிழி நின்றதும் ஈஸ்டை இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போடுவதே பலர் செய்யும் வைத்தியம். அந்த வைத்தியம்தான் பல வீடுகளில் இரண்டாவது தொல்லையைக் கொண்டுவருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்பத்தில் ஈஸ்டைக் கூட்டுவதற்கு அநேகமாகத் தேவையே இருப்பதில்லை. குறைக்க வேண்டியதும், கசிவைத் தேட வேண்டியதும், இரவில் காற்று கொடுக்க வேண்டியதும்தான் அதிகம்.

போத்தலுக்குள் நடப்பது என்ன?

ஈஸ்ட் பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஓரணு உயிர். உயிர்வளி கிடைக்காத இடத்தில் அது சீனியைச் சாராயமாகவும், கார்பன் டை ஆக்சைடு எனப்படும் கரிவளியாகவும் மாற்றுகிறது. ரொட்டி உப்புவதும் ஆப்ப மாவு பூப்பதும் கள் நுரைப்பதும் இந்த நொதித்தலால்தான்.

இந்த வாயுவை நீரில் கரைக்கும் வேலை இருநூற்றைம்பது ஆண்டுப் பழையது. 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பீர் ஆலை ஒன்றின் பக்கத்தில் குடியேறிய ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிகளின்மேல் தங்கி நின்ற வாயுவை நீரில் கரைத்துப் பார்த்தார். 1772-இல் அந்தச் செய்முறையைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். சோடா நீரின் தொடக்கம் அதுவே. இன்று ஒரு சிறு போத்தலையும் ஒரு முழக் குழாயையும் வைத்துத் தொட்டிக்குள் நடப்பதும் ஏறத்தாழ அதே வேலைதான்.

காற்றிலிருந்து நீரில் தானாகக் கரையும் கரிவளி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. வெளிச்சம் அதிகமுள்ள தொட்டியில் வேகமாக வளரும் செடிகளுக்கு அது போதாது. ஆகவே லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை இருக்குமாறு வாயு கொடுப்பது வழக்கம். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) தம் தொட்டிகளின் படங்களை 1990-களில் நூலாக வெளியிட்ட பிறகு, இவ்வகைத் தொட்டிகள் உலகெங்கும் பரவின. அவற்றுக்குப் பயன்படும் அழுத்த வாயு உருளைகள் விலை கூடியவை. ஈஸ்ட் போத்தல் அந்தச் செலவைத் தவிர்க்க வந்த வழி.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள இரண்டடித் தொட்டியில் 54 லிட்டர் நீர் பிடிக்கும். அந்த அளவுக்கு ஒரு போத்தல் போதும். நான்கடித் தொட்டிக்கு ஈஸ்ட் போத்தல் ஈடுகொடுக்காது.

சீனியைக் கூட்டினால் நாள் கூடுமா?

200 கிராம் சீனி முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 100 கிராம் கரிவளி கிடைக்கும். வாயுவாக அது 50 லிட்டருக்கும் மேல். கணக்கில் இது நிறையவே. ஆனால் கூடவே சாராயமும் சேர்கிறது. ஒரு லிட்டர் கரைசலில் 200 கிராம் சீனி முழுவதும் நொதித்தால் சாராயம் 12 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதற்குள்ளாகவே ரொட்டி ஈஸ்ட் தளர்ந்து மடியத் தொடங்கும்.

ஆகவே, 400 கிராம் சீனி போட்டால் இரண்டு மடங்கு நாள் ஓடும் என்று எண்ணுவது தவறு. ஈஸ்ட் தான் உண்டாக்கிய சாராயத்திலேயே மடிந்துவிடும். மிச்சச் சீனி போத்தலின் அடியில் வீணாகக் கிடக்கும்.

நம் வெப்பத்துக்கு ஏற்ற அளவு

குளிர்நாட்டுச் செய்முறைகளில் ஒரு போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் என்று சொல்லப்படுவதுண்டு. அங்கே அறையின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ். நம் வீடுகளில் பகலில் 30 டிகிரியைத் தாண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் நொதித்தலின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இரண்டு வாரம் ஓட வேண்டிய போத்தல் ஒரு வாரத்துக்குள் ஓய்ந்துபோவதற்கு இதுவே முதல் காரணம்.

1.5 லிட்டர் போத்தலுக்குக் கீழ்க்காணும் அளவில் தொடங்கலாம்:

- வெள்ளைச் சீனி 200 கிராம்
- ரொட்டிக்குப் போடும் உடனடி ஈஸ்ட் கால் தேக்கரண்டி. இது 11 கிராம் பாக்கெட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு
- சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. கரைசல் மிகவும் புளித்துப்போகாமல் இருக்க இது உதவும்
- மொத்தம் 1 லிட்டர் வரும்வரை நீர். மேலே மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும்

சீனியை வெந்நீரில் கரைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்ட பிறகே ஈஸ்டைச் சேர்க்க வேண்டும். 55 டிகிரிக்கு மேல் ஈஸ்ட் செத்துவிடும். கலந்த முதல் சில மணி நேரத்துக்கு ஒன்றும் நடக்காததுபோல் தெரியும். அவசரப்பட்டு ஈஸ்டைக் கூட்டாமல் ஓர் இரவு காத்திருப்பது நல்லது. இந்த அளவில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வாயு கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். வீட்டின் வெப்பத்தைப் பொறுத்து இது மாறும்.

மளிகைக் கடைகளில் தப்பாய் செய்வதற்கென்று விற்கும் வெள்ளை உருண்டைகளை மலாயில் ராகி என்பார்கள். நம் கேழ்வரகுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதில் ஈஸ்டுடன் வேறு பூஞ்சைகளும் கலந்திருப்பதால் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் நுரையைக் கூட்டும். வெள்ளைச் சீனியே போதும்.

முதல் சோதனை: போத்தலை அழுத்திப் பாருங்கள்

குமிழி நின்றதும் போத்தலைத் திறந்துவிடக் கூடாது. முதலில் குழாயின் முனையைத் தொட்டி நீரிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, போத்தலின் பக்கத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

போத்தல் கல்போல் இறுகியிருந்தால் வாயு உற்பத்தி நன்றாக இருக்கிறது, வெளியே போகத்தான் வழியில்லை என்று பொருள். குழாய் மடிந்திருக்கலாம். ஒருவழி வால்வு தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். டிஃபியூசர் அடைத்திருக்கலாம். இது உடனே கவனிக்க வேண்டிய நிலை. மூடியை மெல்ல, சிறிது சிறிதாகத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்த பிறகே மற்ற வேலை.

போத்தல் மெத்தென்று அமுங்கினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். எங்கோ கசிகிறது, அல்லது ஈஸ்ட் ஓய்ந்துவிட்டது. போத்தலை மெல்லச் சுழற்றினால் உள்ளே சிறு குமிழிகள் கிளம்புகின்றனவா என்று பாருங்கள். கிளம்பினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, கசிவைத் தேட வேண்டும். ஒன்றுமே கிளம்பாமல், கரைசல் தெளிந்து, அடியில் வண்டல் படிந்திருந்தால் புதிய கலவைக்கு நேரம் வந்துவிட்டது.

கசிவு எங்கே?

பெரும்பாலும் மூடியில்தான். போத்தல் மூடிகள் செய்யப்படும் நெகிழியில் சிலிக்கோன் பசை சரியாக ஒட்டாது. பார்வைக்கு அடைத்ததுபோல் இருந்தாலும் ஓரமாக வாயு கசிந்துகொண்டே இருக்கும். பசையை நம்புவதைவிட, குழாயைவிடச் சற்றே சிறிய துளை போட்டு, குழாயின் முனையைச் சாய்வாக வெட்டி, குறடால் இறுக்கி இழுத்துவிடுவது நல்லது. இரப்பர் வளையத்துடன் வரும் ஆயத்த மூடிகள் வளர்ப்பு மீன் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் கிடைக்கின்றன.

கசிவைக் கண்டுபிடிக்கப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை நீரில் கரைத்து, மூடி, இணைப்பு, வால்வு ஆகிய ஒவ்வோர் இடத்திலும் தடவ வேண்டும். நுரை பூக்கும் இடமே கசியும் இடம். சவர்க்கார நீர் தொட்டிக்குள் சொட்டக்கூடாது. போத்தலை மூடியோடு வாளி நீரில் அமிழ்த்தியும் பார்க்கலாம்.

அடுத்தது குழாய். காற்று பம்புக்குப் பயன்படும் மெல்லிய சிலிக்கோன் குழாயின் சுவர் வழியாகவே கரிவளி மெதுவாக வெளியேறிவிடும். இந்த வேலைக்குப் பிவிசி அல்லது பாலியூரித்தேன் குழாய் ஏற்றது. குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

நான்கு நாளில் ஓய்ந்துபோனால்

கசிவு இல்லாமலும் சீக்கிரம் ஓய்ந்தால் ஈஸ்ட் அதிகம் அல்லது இடம் சூடு. கால் தேக்கரண்டியை எட்டில் ஒரு பங்கு தேக்கரண்டியாகக் குறைத்துப் பார்க்கலாம். போத்தலைக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறமோ, மேற்கு வெயில் படும் சுவரோரமோ, விளக்கின் மேலோ வைக்கக் கூடாது.

போத்தலை நீர் நிரப்பிய ஒரு வாளிக்குள் நிறுத்தி வைப்பது எளிய வழி. பகலின் சூடு ஏறுவதையும் இரவில் இறங்குவதையும் வாளி நீர் தணித்துவிடும். போத்தல் பொங்கினாலும் கசிந்தாலும் வாளிக்குள்ளேயே அடங்கிவிடும். வாளி நீரை வாரம் ஒருமுறை மாற்றி, வாயைத் துணியால் மூடிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

இன்னும் நிதானமாக ஓட வேண்டுமானால் அகார்-அகார் முறை உண்டு. சீனிப் பாகில் அகார்-அகாரைக் காய்ச்சி, சற்று ஆறவிட்டு, போத்தலில் ஊற்றி உறையவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் நெகிழிப் போத்தல் சுருங்கிவிடும். உறைந்த பிறகு அதன்மேல் ஈஸ்ட் கலந்த நீரை ஊற்றினால், சீனி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஈஸ்டுக்குக் கிடைக்கும். இதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்தும் செய்முறைகளும் உண்டு. ஆனால் ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டியதும் இளகத் தொடங்கும். நம் பகல் வெப்பத்தில் அது நிற்காது. அகார்-அகார் ஒருமுறை உறைந்தால் 80 டிகிரிவரை இளகாது.

இரண்டு போத்தல்களை ஒரே குழாயில் இணைத்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. ஒன்று தளரும்போது மற்றொன்று வேகம் எடுப்பதால் தொட்டிக்கு வாயு ஒரே சீராகக் கிடைக்கும். கரிவளி ஒருநாள் கூடி மறுநாள் குறைந்தால், இலை ஓரங்களில் கறுப்புத் தூரிகைபோல் பாசி பிடிப்பது நீர்ச்செடி வளர்ப்போர் பலரின் அனுபவம்.

குமிழி வருகிறது, செடி வளரவில்லை

குமிழி தெரிவதாலேயே வாயு நீரில் கரைகிறது என்று சொல்ல முடியாது. பெரிய குமிழிகள் நேரே மேலேறி உடைந்துபோகும். பீங்கான் டிஃபியூசர் பொடிக் குமிழிகளைத் தரும். ஆனால் அதற்கு நல்ல அழுத்தம் வேண்டும், இணைப்புகளில் சிறு கசிவு இருந்தாலும் அது வேலை செய்யாது. பாசி படர்ந்து அடைத்துக்கொண்டால், சலவைக்குப் பயன்படும் குளோராக்ஸை நீர்த்து அதில் சிறிது நேரம் ஊறவைத்து, பலமுறை அலசி, குளோரின் நீக்கி கலந்த நீரில் போட்டெடுத்த பிறகே மீண்டும் தொட்டியில் வைக்க வேண்டும்.

அழுத்தம் குறைவான போத்தலுக்குக் குழாயின் முனையை வடிகட்டியின் உறிஞ்சும் வாய்க்கு அருகில் வைப்பது நல்ல பலன் தரும். உள்ளே சுழலும் விசிறி குமிழிகளை நொறுக்கிக் கரைத்துவிடும். சிறிய நெகிழிக் கிண்ணத்தை நீருக்குள் கவிழ்த்து, அதனடியில் வாயுவைத் தேக்கி வைப்பதும் பழைய, நம்பகமான முறை.

பகலில் காற்றுக் கல் ஓடினாலோ, வடிகட்டி நீர் அருவிபோல் கொட்டினாலோ, கரைந்த வாயு வெளியேறிவிடும். விளக்கு எரியும் நேரத்தில் நீர்மட்டம் இலேசாகச் சிலிர்த்தால் போதும்.

அளவை அறிய டிராப் செக்கர் என்ற சிறு கண்ணாடிக் குமிழ் உதவும். அதற்குள் 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மையுள்ள நீரும் நிறங்காட்டியும் இருக்க வேண்டும். நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற இரண்டு மணி நேரம்வரை ஆகும் என்பதால், இப்போது தெரியும் நிறம் சற்று முன்பிருந்த நிலையையே காட்டும்.

சோதனைக் கருவிகள் இருந்தால் கணக்கிட்டும் பார்க்கலாம். கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரியாகவும் பிஎச் 6.6 ஆகவும் இருந்தால் கரிவளி லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். கடினத்தன்மை 1 டிகிரியாக இருந்தால், அதே 30 மில்லிகிராமில் பிஎச் 6.0-க்கு இறங்கிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய் நீர் பெரும்பாலும் சிலாங்கூர் ஆறு, லங்காட் ஆறு ஆகியவற்றின் நீரைச் சுத்திகரித்து வழங்கப்படுவது. இது பொதுவாக மென்னீர் என்பதால் இங்கே பிஎச் சட்டென்று இறங்குவதைக் காணலாம். கெத்தாப்பாங் இலையோ மரக்கட்டையோ போட்டிருக்கும் தொட்டியில், அவற்றின் அமிலமும் சேர்வதால் இந்தக் கணக்கு பொருந்தாது.

காலையில் மீன்கள் மேலே வந்து திணறினால்

எல்லாவற்றிலும் முதன்மையானது இதுதான். வெளிச்சம் இருக்கும்போது செடிகள் கரிவளியை எடுத்துக்கொண்டு உயிர்வளியைத் தரும். விளக்கு அணைந்ததும் செடிகளும் மீன்களைப் போலவே உயிர்வளியை எடுத்துக்கொண்டு கரிவளியை விடும். ஈஸ்டுக்கோ இரவு பகல் தெரியாது. அதை நிறுத்தும் பொத்தானும் இல்லை. ஆகவே விடியும்வரை கரிவளி ஏறிக்கொண்டே போகும், உயிர்வளி இறங்கிக்கொண்டே போகும்.

வெப்பம் இதை மேலும் கடுமையாக்குகிறது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரி நீர் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். குளிர்நாட்டுத் தொட்டியில் பிழைத்துக்கொள்ளும் தவறு நம் தொட்டியில் மீனைக் கொன்றுவிடும்.

மீன்கள் திணறுவதைக் கண்டால் இந்த வரிசையில் செயல்பட வேண்டும்:

1. வாயுக் குழாயின் முனையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். குழாயை மடித்துக் கட்டக் கூடாது. கட்டினால் போத்தலில் அழுத்தம் ஏறும்.
2. காற்று பம்பை முடுக்கிவிடுங்கள். பம்பு இல்லையென்றால் வடிகட்டியின் வாயை உயர்த்தி நீர் கொட்டும்படி வையுங்கள். மின்சாரமும் இல்லையென்றால் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றுங்கள்.
3. குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.
4. அன்று தீனி போட வேண்டாம்.

பிஎச் இறங்கிவிட்டதே என்று தொட்டியில் சமையல் சோடாவைக் கொட்டுவோர் உண்டு. அது பிஎச்சை உயர்த்திக் காட்டுமே தவிர, கரைந்திருக்கும் கரிவளியை வெளியேற்றாது. மீனுக்கு இன்னோர் அதிர்ச்சியே மிஞ்சும். காற்று கொடுத்தும் ஒரு மணி நேரத்தில் மீன்கள் தெளியாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். அம்மோனியா, குளோரின் ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இது மீண்டும் நடக்காமலிருக்க, காற்று பம்பை ஒரு டைமரில் இணைத்து, விளக்கு அணையும்போது பம்பு ஓடும்படி வைத்துவிடலாம். ஈஸ்ட் போத்தல் வைத்திருக்கும் வீட்டில் இது விருப்பத்தைப் பொறுத்ததல்ல, கட்டாயம் வேண்டிய ஒன்று.

போத்தல் நீர் தொட்டிக்குள், தொட்டி நீர் போத்தலுக்குள்

நுரை பொங்கி ஈஸ்ட் கரைசல் தொட்டிக்குள் போனால் நீர் வெண்மையாகக் கலங்கும், புளித்த வாடை வரும். சீனியையும் சாராயத்தையும் உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி உயிர்வளியைத் தீர்த்துவிடும். உடனே பாதி நீரை மாற்றி, காற்று பம்பை இடைவிடாமல் ஓடவிட வேண்டும். மறுநாளும் கலங்கியிருந்தால் மீண்டும் நீர் மாற்றுவது நல்லது.

இதைத் தடுக்க, முதல் போத்தலுக்கும் தொட்டிக்கும் நடுவில் பாதி நீர் நிரப்பிய இன்னொரு சிறு போத்தலை வைப்பார்கள். வரும் குழாய் அதன் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், போகும் குழாய் நீருக்கு மேலே நிற்க வேண்டும். நுரை அங்கேயே தங்கிவிடும். எத்தனை குமிழி போகிறது என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

நொதித்தல் நின்று போத்தல் குளிர்ந்தால் எதிர்மாறாகத் தொட்டி நீர் போத்தலுக்குள் இழுக்கப்படும். போத்தல் தரையில் இருந்தால் நீர் தொடர்ந்து இறங்கி வீட்டையே நனைத்துவிடும். தொட்டிக்கு அருகில் ஒருவழி வால்வு பொருத்துவது இதற்காகத்தான். நெகிழி வால்வுகள் நாளடைவில் பழுதாகும். மாதம் ஒருமுறை கழற்றி இரு பக்கமும் வாயால் ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவசரத்துக்கு நீர் மாற்றக் குழாயில் நீர் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் கலந்த மாசினால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் தடைப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். குளோரின் நீக்கிய நீர் ஒரு வாளி எப்போதும் மூடி வைத்திருப்பது பயன் தரும். நீர்த் தடை அறிவிக்கப்பட்டால், விநியோகம் சீராகும்வரை புதிய ஈஸ்ட் கலவை போடாமல் தள்ளிவைக்கலாம்.

போத்தல் வெடிக்காமல் இருக்க

வாயு நிறைந்த பானங்கள் வரும் தடித்த நெகிழிப் போத்தலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். குடிநீர்ப் போத்தல் மெல்லியது. கண்ணாடிப் போத்தலை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. வெடித்தால் கண்ணாடிச் சிதறல் கண்ணைக் கெடுத்துவிடும். ஈஸ்ட் போத்தலின் குழாயில் வாயுவை அடைக்கும் திருகு வால்வு பொருத்துவதும் ஆபத்து. வாயு போக வழி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். போத்தலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, உள்ளே இருப்பது என்னவென்று எழுதி ஒட்டிவிடுவது நல்லது. அந்தக் கரைசல் குடிப்பதற்கு உரியதல்ல.

விட்டுவிடவும் செய்யலாம்

வாரந்தோறும் கலவை மாற்றுவது எல்லோருக்கும் இயலாது. வேகத்தை நம் கையில் வைத்துக்கொள்ள விரும்புவோர் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலக்கும் இரட்டைப் போத்தல் கருவிக்கு மாறலாம். அதற்கென்றே வரும் திருகு வால்வால் வாயுவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

வாயுவே கொடுக்காமலும் பச்சைத் தொட்டி வைக்கலாம். ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், அனுபியாஸ் ஆகியவை மிதமான வெளிச்சத்தில் தாமாகவே வளர்பவை. உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் கிரிப்டோகோரைன் செடிகளில் பல இனங்கள் தீபகற்ப மலேசியாவின் காட்டு ஓடைகளுக்கே உரியவை. கிரிப்டோகோரைன் அஃபினிஸ், கிரிப்டோகோரைன் கோர்டாட்டா போன்றவை நம் மண்ணின் செடிகள். இவை மெதுவாக வளரும், வாயு இல்லாமலும் தழைக்கும்.

போத்தலைத் தொடர விரும்புவோருக்கு வாரம் பத்து நிமிட வேலைதான். போத்தலை அழுத்திப் பார்ப்பது, இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவுவது, வால்வை ஊதிப் பார்ப்பது, டைமர் இரவில் பம்பை முடுக்குகிறதா என்று கவனிப்பது ஆகியவையே அவை. ஈஸ்ட் கரண்டியை எடுப்பதற்கு முன் இந்த நான்கையும் பார்த்துவிட்டால், பெரும்பாலான நாள்களில் அந்தக் கரண்டிக்கு வேலை இருக்காது.